கொரியாவில் வெண்ணெய், சீஸ், ரை பிரட்: எங்கே வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது

தென்கொரியாவின் தேஜோன் நகருக்குப் புதிதாக வரும் நம் ஊர்க்காரர்கள் முதல் வாரத்தில் கேட்பது கறிவேப்பிலையும் உளுந்தும் எங்கே கிடைக்கும் என்றுதான். கொஞ்ச நாள் போனதும் வேறு மாதிரி அழைப்புகள் வரும். "அண்ணா, இனிப்பே இல்லாத பிரட் எங்க வாங்குறீங்க?" "பீட்சா மேல போட்ட சீஸ் சரியா உருகாம எண்ணெய் மட்டும் பிரிஞ்சு நிக்குது, ஏன்?" "தயிர்னு வாங்கினேன், பாயசம் மாதிரி இனிக்குது." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் மனைவி இங்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். சமையலறை என் பொறுப்பு. இதற்கு முன் ஜெர்மனியில் கோட்டிங்கனில் இருந்தோம், மகள் அங்கேதான் பிறந்தாள். தோசைக்கு நிகராக அவளுக்கு ரை பிரட்டும் குவார்க்கும் வேண்டும். ரை என்பது கோதுமை போன்ற ஒரு தானியம். குவார்க் என்பது பாலைப் புளிக்கவைத்து நீர் வடித்து எடுக்கும் மென்மையான வெள்ளைப் பாலாடைக்கட்டி. தேஜோனின் யூசொங் பகுதியில் குடியேறிய பிறகு அரிசி பருப்பைத் தேடியதைவிட இவற்றைத் தேடியதுதான் அதிகம். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொரியாவில் மேற்கத்திய மளிகை கிடைக்காது என்பது பழைய பேச்சு. கொரியப் போருக்குப் பிந்தைய வருடங்களில் அமெரிக்க ராணுவ முகாம்களிலிருந்து வெளியே வந்த டின் உணவுகள் விற்ற இடம் என்பதால்தான் பூசானில் ஒரு சந்தைக்குக் கங்தொங் சந்தை, அதாவது டின் சந்தை, என்று பெயர் வந்தது. சியோலின் நம்தேமுன் சந்தையிலும் நிலவறையில் இறக்குமதிக் கடைகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் 2011 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தோடும், 2012 மார்ச்சில் அமெரிக்காவோடும் தடையற்ற வணிக ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. சீஸுக்கும் வெண்ணெய்க்கும் இருந்த சுங்க வரி படிப்படியாக இறங்கியது. இன்று ஈமார்ட் என்ற பல்பொருள் அங்காடியின் ஒரு நடுத்தரக் கிளையிலேயே டென்மார்க் வெண்ணெயும் இத்தாலியப் பாஸ்தாவும் இருக்கும்.

இப்போதைய சிக்கல் வேறு. ஒரே மாதிரிப் படம் போட்ட, ஒரே அளவுள்ள இரண்டு பாக்கெட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று வெண்ணெய், மற்றொன்று பாதி தாவரக் கொழுப்பு. விலை வித்தியாசம் பெரிதாக இல்லாததால் எது எது என்று முன்பக்கம் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே கடைகளின் பட்டியலுக்கு முன்னால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் எந்தக் கடையிலும் சமாளித்துவிடலாம்.

பின்பக்கத்தில் ஒரு வரி

கொரியாவில் விற்கும் பதப்படுத்திய உணவு எதுவானாலும் பின்பக்கக் கட்டத்தில் "சிக்பும் யுஹ்யொங்" என்று ஒரு வரி இருக்கும். உணவின் வகை என்று பொருள். முன்பக்கத்தில் விளம்பரத்துக்காக என்ன எழுதியிருந்தாலும் இந்த வரியில் சட்டப்படி உள்ள வகைப் பெயரைத்தான் போட்டாக வேண்டும். கொரிய எழுத்து தெரியாவிட்டால் பாப்பாகோ என்ற மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவைக் காட்டுங்கள், கொரிய மொழிக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கொரிய எழுத்தைக் கற்றுக்கொள்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்தால் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிடும். கடையில் நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

சீஸில் பார்க்க வேண்டியது மூன்று சொற்கள். "ஜாயொன் சீஸ்" என்றால் பாலிலிருந்து நேராகச் செய்தது. "ககோங் சீஸ்" என்றால் சீஸை உருக்கி, உப்புகள் சேர்த்துப் பதப்படுத்தியது. சாண்ட்விச்சுக்கு வரும் சதுரத் துண்டுகள் பெரும்பாலும் இந்த வகை. குழந்தைகளுக்கு வயதுவாரியாக 1, 2, 3 என்று படி போட்டு விற்பதும் பொதுவாக இதுதான், உப்பு குறைவாக இருக்கும். மூன்றாவது "மோஜோ சீஸ்". தாவர எண்ணெயும் பால்புரதமும் கலந்து சீஸ் போலச் செய்தது. துருவிய பீட்சா சீஸ் பைகளில்தான் இது ஒளிந்திருக்கும், சில பைகளில் நிஜ சீஸோடு கலந்தும் வரும். உருகாமல் எண்ணெய் பிரிந்தது என்று கேட்டவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: சேர்மானப் பட்டியலில் "பாம்யு", அதாவது பாமாயில், இருந்தால் அந்தப் பையை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

இந்த இடத்தில் கொரியச் சீஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜொல்லா மாகாணத்தின் வடக்கே இம்சில் என்ற மலைப்பாங்கான ஊர். பெல்ஜியத்தைச் சேர்ந்த டிடியே செர்ஸ்தெவன்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1964இல் அங்கே பங்குத்தந்தையாகப் போனார். ஏழை விவசாயிகளுக்கு வருமானம் வேண்டுமென்று ஆடு வளர்க்கச் சொல்லி, மிஞ்சிய ஆட்டுப்பாலில் சீஸ் செய்யப் பழகி, அவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். ஜி ஜொங்-ஹ்வான் என்ற கொரியப் பெயரில்தான் மக்கள் அவரை அறிவார்கள். 2016இல் கொரியக் குடியுரிமை கொடுத்துக் கௌரவித்தார்கள், 2019இல் காலமானார். இன்று இம்சில் பெயரோடு வரும் மொசரெல்லாவும் கையால் உரித்துச் சாப்பிடும் சரச் சீஸும் நாடு முழுக்கக் கிடைக்கின்றன. தேஜோனிலிருந்து காரில் போனால் ஒரு நாளில் பார்த்துவிட்டு வரலாம். சீஸ் பூங்கா இருக்கிறது, பிள்ளைகள் தாங்களே மொசரெல்லாவை இழுத்துப் பார்க்கலாம்.

பன்னீர் தேடுபவர்களுக்கு ஒரு வழி. "குவொ மொங்நுன் சீஸ்", அதாவது சுட்டுச் சாப்பிடும் சீஸ் என்று ஒன்று எல்லா மார்ட்டிலும் இருக்கும். சைப்ரஸ் நாட்டு ஹலூமி வகை. சூட்டில் உருகாது, மேலே மட்டும் பொன்னிறமாகும். உப்பு தூக்கலாக இருந்தால் வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, சதுரமாக வெட்டிப் பட்டாணிக் குருமாவில் சேருங்கள். கரையாமல் நிற்கும்.

வெண்ணெய்க்கு வருவோம். வகை வரியில் "பொதொ" என்று மட்டும் இருந்தால் 80 சதவீதமோ அதற்கு மேலோ பால்கொழுப்பு. "ககோங் பொதொ" என்றால் வேறு கொழுப்பும் கலந்தது. பிரட்டில் தடவ இரண்டும் சரிதான். நெய் உருக்கப் போகிறீர்கள் என்றால் முதல் வகையைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். இரண்டாவதை உருக்கினால் கசடு ஒழுங்காகப் படியாது, வாசனையும் வராது. நெய்க்கு உப்பில்லாத வெண்ணெய் வேண்டும், அதற்கு "முயொம்" என்று போட்டிருக்கும். "கயொம்" என்றால் உப்புச் சேர்த்தது.

பாலாடை, அதாவது கேக்குக்கு அடிக்கும் கிரீம், இதிலும் அதே கதை. "யுக்ரிம்" என்றால் பால் கிரீம். "சிங்முல்சொங்" என்ற சொல் இருந்தால் தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். பாஸ்தா சாஸில் ஊற்றினால் இனித்துக் கெட்டுவிடும். நல்ல பால் கிரீம் குளிர்ப்பெட்டியில் இருக்கும், சீக்கிரம் கெடும், டிசம்பரில் கேக் காலம் வந்தால் அலமாரி காலியாகிவிடும். அந்த மாதத்துக்கு மட்டும் அறை வெப்பத்தில் வைக்கும் அட்டைப்பெட்டி கிரீமை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தயிர். பிளெயின் என்று எழுதியிருப்பதால் சர்க்கரை இல்லை என்று நினைக்க வேண்டாம், பழம் சேர்க்காதது என்ற அளவில்தான் பலர் அந்தச் சொல்லைப் போடுகிறார்கள். "முகாதாங்" என்று இருக்கிறதா பாருங்கள். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் சத்துப் பட்டியலில் "தாங்ன்யு" என்ற வரி சர்க்கரை அளவைச் சொல்லும். பாலுக்கே உரிய இயல்பான சர்க்கரை 100 கிராமுக்கு 4, 5 கிராம் வரும். 10, 12 என்று இருந்தால் சேர்த்திருக்கிறார்கள். முகாதாங் தயிர் ஒரு கப் வாங்கிவிட்டால் அதை உறைக்கு வைத்து வீட்டிலேயே தயிர் போட்டுக்கொள்ளலாம், மார்ட் பால் நன்றாக உறைகிறது. குளிர்காலத்தில் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் வீடுகள்தான் இங்கே எல்லாம். பாத்திரத்தைத் துண்டில் சுற்றி, தரையில் எங்கே காலுக்கு அதிகச் சூடு தெரிகிறதோ அங்கே இரவு வைத்துவிடுங்கள். காலையில் கத்தி போட்டு வெட்டலாம் போல இறுகியிருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேனில் "சாயாங்" என்ற முன்சொல் இருந்தால் தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகு கொடுத்து எடுத்தது, விலையும் குறைவு. சாக்லேட்டில் "ஜுன்" என்று முன்னால் இருந்தால் கோகோ குறைவு. ஆலிவ் எண்ணெயில் "அப்சாக்" என்றால் பிழிந்தெடுத்தது, "ஹோன்ஹாப்" என்றால் சுத்திகரித்ததோடு கலந்தது.

மாவு, சோடா, வினிகர்

மைதாவை இங்கே மூன்றாகப் பிரித்து விற்கிறார்கள். "காங்நியொக்புன்" புரதம் அதிகம் உள்ளது, பிரட்டுக்கும் பீட்சாவுக்கும் இதுதான். "பாங்நியொக்புன்" புரதம் குறைந்தது, கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும். நடுவில் "ஜுங்நியொக்புன்", எல்லாவற்றுக்கும் ஓரளவு பொருந்தும், பரோட்டா போடவும் நன்றாக வருகிறது. ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ பழகிய ரொட்டிக் குறிப்பை இங்கே செய்யும்போது பிரட் எழும்பவில்லை என்றால் முதலில் மாவுப் பையைத்தான் பாருங்கள். முழுக்கோதுமை மாவுக்கு "தொங்மில்" என்று பெயர். ரொட்டி சுட அது சரி. சப்பாத்திக்கு ஆசிய மார்ட்டில் கிடைக்கும் ஆட்டாதான் மென்மையாக வரும்.

சமையல் சோடாவில் ஒரு எச்சரிக்கை. மார்ட்டில் பேக்கிங் சோடா என்று பெரிய பெரிய பைகள் துணி துவைக்கும் பொருட்களின் பக்கம் அடுக்கியிருக்கும். அவை சுத்தம் செய்வதற்கானவை. சாப்பாட்டுக்கானது "சிக்சோடா" என்ற பெயரில் சின்னப் பாக்கெட்டாக மாவு அலமாரியில் தொங்கும்.

வினிகரிலும் கவனம் வேண்டும். கொரிய ஆப்பிள் வினிகர் நல்ல சரக்கு, சாலட்டுக்கும் ஊறுகாய்க்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் சாதாரண வினிகரே 6, 7 சதவீதப் புளிப்பு, மேற்கத்தியக் குறிப்புகள் 5 சதவீதத்தைக் கணக்கில் வைத்து எழுதியவை. அதோடு பாட்டிலில் 2 என்ற எண்ணைப் பெரிதாகப் போட்டு இரண்டு மடங்கு புளிப்புள்ளதும் விற்கிறது. குறிப்பில் உள்ள அளவை அப்படியே ஊற்றினால் வாயில் வைக்க முடியாது.

உருளைக்கிழங்கு வாங்கும்போது, கடையில் பெயர் போடாமல் குவித்திருப்பது பெரும்பாலும் சூமி என்ற வகை. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய வகைதான், வெந்தபின் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும். மசியலுக்கும் நம் மசாலாவுக்கும் பரவாயில்லை. அடுப்பில் சுட்டு மாவாக உதிர வேண்டும் என்றால் துபேக் என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள்.

எந்தக் கடை எதற்கு

அன்றாடத் தேவைக்கு ஈமார்ட், லாட்டே மார்ட், ஹோம்பிளஸ் மூன்றும் போதும். ஈமார்ட்டின் சொந்தச் சரக்கான நோ பிராண்டுக்கு மஞ்சள் நிறத்தில் தனிக் கடைகளே இருக்கின்றன, பாஸ்தா, டார்ட்டியா, சாக்லேட், ஓட்ஸ் எல்லாம் மலிவு. இரவு எட்டு மணிக்கு மேல் போனால் பிரட், சாலட் கீரைகள் மீது தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பெரிய மார்ட்டுகள் மாதத்தில் இரண்டு நாள் கட்டாயம் மூட வேண்டும் என்று 2012இல் விதி வந்தது. பல ஊர்களில் அது இரண்டாவது, நான்காவது ஞாயிறு. தேகு போன்ற சில ஊர்கள் வாரநாளுக்கு மாற்றிவிட்டன. போகும் முன் செயலியில் பார்த்துவிடுங்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது அலுப்பு.

மொத்தமாக வாங்க, உறுப்பினர்களுக்கு மட்டும் விற்கும் மொத்தவிலைக் கடையான காஸ்ட்கோ. செடார், மொசரெல்லா கட்டிகள், வெண்ணெய், பேகல், உறைந்த பெர்ரிகள், கொட்டை வகைகள், மேப்பிள் சிரப் இவற்றுக்கெல்லாம் கிலோ கணக்கில் அதைவிட மலிவாக வேறெங்கும் நான் பார்க்கவில்லை. தேஜோன் கிளை ஓர்யு-தொங்கில் இருக்கிறது. தனிநபர் உறுப்பினர் கட்டணம் 2025 மே மாதம் 43,000 வொன்னாக (கொரிய நாணயம்) உயர்ந்தது. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ எடுத்த அட்டை கையில் இருந்தால் இங்கேயும் அதுவே செல்லும், மறுபடி எடுக்க வேண்டாம். முக்கியமான ஒன்று: கடன் அட்டையில் ஹியுண்டாய் கார்டு மட்டும்தான் வாங்குவார்கள். வேறு கடன் அட்டை எதுவும் அங்கே வேலை செய்யாது. புதிதாக வந்தவர்கள் ரொக்கத்தோடு போங்கள்.

இரண்டு பேர் மட்டும் உள்ள வீடு, சின்னக் குளிர்ப்பெட்டி என்றால் காஸ்ட்கோவுக்கு அவசரப்பட வேண்டாம். ஈமார்ட் டிரேடர்ஸ் என்பதும் அதே மாதிரி மொத்தவிலைக் கடை. உள்ளே போக உறுப்பினர் அட்டை தேவையில்லை, எந்த அட்டையும் செல்லும். தேஜோனில் வோல்ப்யொங்கில் ஒன்று உண்டு. எங்கே வாங்கினாலும் செடாரைத் துருவி, கைப்பிடி கைப்பிடியாகப் பையில் போட்டு உறையவைத்தால் மாதக்கணக்கில் வரும். கட்டியாகவே உறையவைத்தால் வெட்டும்போது பொடிந்துவிடும்.

சியோலுக்குப் போகும் வாய்ப்பு வந்தால் இரண்டு இடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உல்ஜிரோவில் உள்ள பாங்சான் சந்தையின் கேக் சாமான் சந்து முதலாவது. அச்சுகள், வெனிலா, நல்ல சாக்லேட், ஈஸ்ட், பேக்கிங் தாள் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும், கடைக்காரர்களுக்குப் பொருள் தெரியும். மற்றொன்று இதேவொன் மசூதிக்குப் பக்கத்துத் தெரு. ஹலால் இறைச்சி, பருப்பு, மசாலா, டின் தக்காளி, கொண்டைக்கடலை எல்லாம் அங்கே ஒன்றாகக் கிடைக்கும். அன்சானின் வொன்கோக்-தொங், சுவொன் ரயில் நிலையச் சுற்றுப்புறம் இரண்டிலும் இப்படிக் கடைகள் நிறைய.

பருப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. மேற்கத்திய டயட் உணவு என்ற பெயரில் கொரிய மார்ட்டுக்குள் வந்ததால் நமக்கு லாபமான இரண்டு பொருட்கள் உண்டு. "பியொங்காரி கோங்" நம் கொண்டைக்கடலை, "ரெந்தில் கோங்" மைசூர்ப் பருப்பு வகை. பாக்கெட்டில் சாலட் படம் போட்டிருக்கும். சிவப்பு நிறத்ததை எடுத்து வந்து சாம்பார் வையுங்கள்.

பிரட்

கொரிய பிரட் மென்மையானது, இனிப்பானது. பால் பிரட் என்ற அளவில் அது அருமையான பண்டம். ஆனால் பூண்டு பிரட்டில்கூடச் சர்க்கரை இருக்கும். மார்ட் பிரட்டில் முழுக்கோதுமை என்று பழுப்பு நிறத்தில் எழுதியிருந்தாலும் சேர்மானப் பட்டியலில் சதவீதம் போட்டிருப்பார்கள். பத்து, பதினைந்து என்று இருந்தால் அது மைதா பிரட்தான். ரை மாவுக்கு "ஹோமில்" என்று பெயர், அதற்கும் இதே சோதனைதான்.

இப்போது எல்லா நகரத்திலும் புளித்த மாவில் ரொட்டி சுடும் சின்னக் கடைகள் வந்துவிட்டன. பல்கலைக்கழகப் பகுதிகளில் தேடிப் பாருங்கள். காலையில் சுட்டு, பிற்பகலுக்குள் தீர்ந்துவிடும், வாரத்தில் இரண்டு நாள் விடுமுறையும் விடுவார்கள். தேஜோன்காரர்களுக்குச் சொங்சிம்தாங் பேக்கரி 1956 முதல் இருக்கிறது, இந்த ஊரை விட்டு வெளியே கிளை கிடையாது. எல்லோரும் பொரித்த சொபொரோ பன்னுக்காகத்தான் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே பகெட் என்ற நீள ரொட்டி வகைகளும் கிடைக்கும். முழு ரொட்டி வாங்கியதும் அன்றே துண்டு போட்டு உறையவைத்து, வேண்டும்போது நேராக டோஸ்டரில் போடுங்கள். இங்கே மழைக்காலத்தில் மேசை மேல் வைத்த ரொட்டி மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும்.

வீட்டில் சுட நினைத்தால், வாடகை வீடுகளில் ஓவன், அதாவது ரொட்டி சுடும் அடுப்பு, இருப்பது அரிது. டாங்குன் என்ற செயலியில் அக்கம்பக்கத்தார் பழைய பொருட்களை விற்பார்கள். பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் படிப்பு முடித்து ஊர் திரும்பும் வெளிநாட்டவர்கள் ஓவன், கேக் அச்சு, பிரிக்காத மாவுப் பைகளையெல்லாம் மிகக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள்.

குவார்க் கிடைத்த இடம்

மகள் கேட்ட குவார்க்கை மார்ட்டிலும் காணோம், காஸ்ட்கோவிலும் காணோம். கடைசியில் கிடைத்தது ரஷ்ய மளிகைக் கடையில். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரஷ்யாவின் தூரகிழக்கில் வாழ்ந்த கொரியர்களை 1937இல் ஸ்டாலின் அரசு ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்தியது. உஸ்பெகிஸ்தானிலும் கஜகஸ்தானிலும் வேர்விட்ட அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பல்லாயிரம் பேர் இப்போது வேலைக்காகக் கொரியாவுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அவர்களைக் கொரியோ-இன் என்கிறார்கள். பேசுவது பெரும்பாலும் ரஷ்யமொழி, சாப்பாட்டிலும் பாதி ரஷ்யம். அவர்கள் திரளாக இருக்கும் இடங்களில் ரஷ்ய எழுத்தில் பலகை வைத்த கடைகள் இருக்கும். இஞ்சொனில் யொன்சு-தொங்கின் ஹம்பாக் கிராமம், குவாங்ஜுவில் வொல்கோக்-தொங், அன்சானில் தத்கோல், அசானில் சின்சாங், சியோலில் தொங்தேமுனுக்குப் பக்கத்துக் குவாங்ஹ்வி-தொங், பூசானில் ரயில் நிலையத்துக்கு எதிரே சோர்யாங். எங்களுக்குச் சின்சாங் பக்கம்.

கடை சின்னது. நுழைந்ததும் ஊறுகாய் வெள்ளரியும் சோயிக்கீரை வாசனையும் சேர்ந்து அடிக்கும். குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் கேஃபிர் என்ற புளித்த பால் பாட்டில்கள், அதற்குக் கீழே ஸ்மெதானா என்ற கெட்டிப் புளிப்புக் கிரீம், பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பாவில் த்வோரோக். இந்த த்வோரோக்தான் குவார்க்குக்கு நெருங்கிய சொந்தம். கொஞ்சம் உதிரியாக இருக்கும், இரண்டு ஸ்பூன் பாலோ ஸ்மெதானாவோ விட்டு மத்தால் கடைந்தால் அதே பதம் வந்துவிடும். மகள் தேன் ஊற்றிச் சாப்பிடுகிறாள். நான் அதில் பச்சைமிளகாய், வெங்காயம் நறுக்கிப் போட்டு, கடுகு தாளித்துக் கொட்டிச் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்கிறேன்.

கறுப்பு ரை ரொட்டியும் அங்கேதான், இனிப்பில்லாதது, கனமானது, கையில் எடுத்தாலே தெரியும். உஸ்பெக் தந்தூரி ரொட்டி வட்டமாக, நடுவில் முத்திரை குத்தி வைத்திருப்பார்கள். சோயிக்கீரை கட்டுக் கட்டாக, பக்வீட் என்ற தானியம் கிலோ கணக்கில், ஊறவைத்த முட்டைக்கோஸ் டப்பாக்களில். மேற்கத்திய மளிகை என்று இதேவொன்னில் தேடி அதிக விலை கொடுப்பவர்கள் ஒருமுறை இந்தக் கடைகளுக்குப் போய்வர வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். கடைக்காரம்மாக்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, கொரிய மொழியில் இரண்டு வார்த்தை பேசினால் போதும். எது இன்று வந்தது, எது நேற்றையது என்று அவர்களே சொல்லித் தருவார்கள்.

வீட்டு வாசலுக்கு வரவழைப்பது

கூபாங், கர்லி இரண்டும் இரவு கேட்டால் விடிவதற்குள் கொண்டுவரும் இணையக் கடைகள். கூபாங்கின் மாதச் சந்தா 2024 ஆகஸ்டில் 7,890 வொன் ஆனது. ஓட்ஸ், கடலை வெண்ணெய், பாஸ்தா, டின்கள் போன்ற கெடாத சரக்குக்குக் கூபாங். நல்ல சீஸ், புளித்த மாவு ரொட்டி, துளசியின் உறவான பேசில் போன்ற இலைகளுக்குக் கர்லி. சியோலில் இரவு 11 மணி வரை கேட்கலாம், மற்ற ஊர்களில் கடைசி நேரம் முன்னதாக முடிந்துவிடும். முகவரியோடு கட்டட வாசற்கதவைத் திறக்கும் ரகசிய எண்ணையும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பால் பொருட்கள் வெளியே வெயிலில் கிடக்கும்.

கணக்குத் திறக்க உங்கள் பெயரில் கொரியக் கைபேசி எண் வேண்டும், அதற்கு வெளிநாட்டவர் பதிவு அட்டை வேண்டும். நம்மவர்களுக்குப் பெயரில்தான் சிக்கல் வருகிறது. அப்பா பெயர் பின்னால் ஒட்டி, இடைவெளியோடு முப்பது எழுத்து நீளும் பெயர்கள் நம்முடையவை. பதிவு அட்டையில் ஒரு வரிசை, வங்கியில் ஒரு வரிசை, கைபேசி நிறுவனத்தில் பாதியில் வெட்டிய பெயர் என்று இருந்தால் எந்தச் சரிபார்ப்பும் தேறாது. கைபேசி எண் வாங்கும் நாளிலேயே பதிவு அட்டையை மேசையில் வைத்து, அதே எழுத்து, அதே வரிசை, அதே இடைவெளி என்று கேட்டுப் பதியச் சொல்லுங்கள். வங்கியிலும் அப்படியே. இந்த ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் இணையக் கடைகள் அனைத்தும் திறந்துவிடும்.

பச்சை மூலிகைகளை விலைக்கு வாங்குவது கட்டுப்படியாகாது. ஏப்ரல், மே மாதங்களில் யூசொங் ஐந்துநாள் சந்தைக்குப் போங்கள், 4, 9 என்று முடியும் தேதிகளில் கூடும். பேசில், ரோஸ்மேரி, புதினா நாற்றுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பால்கனித் தொட்டியில் அக்டோபர் வரை பறிக்கலாம். கொத்தமல்லிக்கு "கோசு" என்று கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பது, ஊரிலிருந்து கொண்டுவருவது

இங்கே எங்குமே கிடைக்காத ஒன்றுக்கு ஐஹெர்ப் போன்ற வெளிநாட்டுத் தளங்கள் இருக்கின்றன. அதற்குக் கொரியச் சுங்கத்துறை இணையத்தில் இலவசமாகத் தரும் தனிநபர் சுங்க எண் தேவை, பி என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கிப் பன்னிரண்டு இலக்கம் வரும். இதிலும் பெயர் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். உணவுப் பொருளுக்கு 150 டாலர் வரை வரி இல்லை. அதைத் தாண்டினால் மிஞ்சிய தொகைக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி போடுவார்கள். ஆகவே 140 டாலரில் நிறுத்திக்கொள்வது நல்லது.

இறைச்சி கலந்த எதையும் பெட்டியில் வைத்து வராதீர்கள், சாசேஜ், உலர்ந்த இறைச்சி எல்லாமே இதில் அடங்கும். அறிவிக்காமல் கொண்டுவந்து பிடிபட்டால் அபராதம் ஒரு கோடி வொன் வரை போகும். பழம், செடி, விதை எதுவாக இருந்தாலும் விமான நிலையத்தில் அறிவித்துவிடுங்கள். பறிமுதல் செய்தால் பொருள்தான் போகும். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி கலந்த எண்ணெய், மிட்டாய் போன்றவை அமெரிக்கக் கடைகளில் சாதாரணமாக விற்கும், இங்கே அவை போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஜூலை, ஆகஸ்டில் சாக்லேட்டை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டாம், உருகித்தான் வரும். செப்டம்பர் கடைசி வரை பொறுங்கள். சூசொக் என்ற அறுவடைப் பண்டிகை செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும், அந்த வாரம் கூரியர்கள் நின்றுவிடும், பண்டிகை நாளன்று மார்ட்டுகளும் பல மூடியிருக்கும். பாலும் பிரட்டும் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பே வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள்.